வெற்றிலை சப்பும் மீனுக்கு வடித்த தண்ணீர்

எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைத் தட்டினால் முட்டைக்கோது மாதிரி ஒரு வெள்ளைத் தகடு கழன்று வரும். யாழ்ப்பாணத்தில் கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம் பக்கம் கிணற்றுத் தண்ணீர் பாவிக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. குடிக்க நல்ல ருசியான தண்ணீர், ஆனால் சவர்க்காரம் நுரைக்கப் பஞ்சிப்படும், தேத்தண்ணிக்கு மேலே மெல்லிய ஆடை படரும், தலை முழுகினால் மயிர் சொரசொரவென்று நிற்கும். கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு வந்துதான் எங்கள் வாளியில் ஏறுகிறது. குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை, வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான். ஆகவே மனுசருக்கும் மாட்டுக்கும் வெங்காயத்துக்கும் கண்ணாடித் தொட்டி மீனுக்கும் கிணறுதான் கதி.

பல வருசமாக நான் கப்பி, மொலி என்கிற மீன்களைத்தான் வளர்த்தேன். அவைக்கு எங்கள் தண்ணீர் தேன் மாதிரி. சுண்ணாம்பும் கொஞ்ச உப்பும் இருந்தால்தான் மொலிக்கு உடம்பு பிடிக்கும். குஞ்சு போட்டுத் தள்ளும், கேட்கிற பிள்ளைகளுக்கு எல்லாம் ஜாம் போத்தலில் பிடித்துக் கொடுத்து முடியாது. தண்ணீரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அள்ளினேன், ஊற்றினேன், அவ்வளவுதான்.

பிறகு அக்காவின் மகள் கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் வரும்போது, காற்றடித்துக் கட்டின பையில் ஆறு சின்ன மீன் கொண்டு வந்தாள். "மாமா, இது எங்கட நாட்டு மீன். வேற எங்கயும் இல்லை. கவனமா வையுங்கோ." தொட்டியில் பொரித்து வளர்த்த குஞ்சுகள்தான், ஆற்றில் பிடித்தது அல்ல. கடையில் பிளாக் ரூபி பார்ப் என்று விற்கிறது. சிங்களத்தில் புலத் ஹபயா, அதாவது வெற்றிலை சப்புகிறவன். அந்தப் பெயர் ஏன் என்று அப்போது விளங்கவில்லை. மங்கலான மஞ்சளில் மூன்று கறுப்புப் பட்டி, அவ்வளவுதான் தெரிந்தது. ஆண் மீன் இணை சேரப் புறப்படும்போது உடம்பின் பின்பாதி மை பூசினது போல் கறுத்து, தலை முழுக்க வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவக்கும் என்று பிறகுதான் வாசித்தேன். களனி ஆற்றில் இருந்து நில்வளா கங்கை வரைக்கும் உள்ள ஈரவலயத்து ஓடைகள்தான் அதன் சொந்த ஊர். மரநிழல், அழுகிய இலை, மணல், கிட்டத்தட்ட மழைத்தண்ணீர் போலவே மென்மையான தண்ணீர். அதைக் கொண்டுவந்து எங்கள் சுண்ணாம்புத் தண்ணீரில் விடுவதா என்று எனக்கு மனம் கேட்கவில்லை.

அங்கேதான் பிழை விட்டேன். மென்மையான தண்ணீர் வேண்டும் என்றால், உலகத்திலேயே மென்மையான தண்ணீர் காய்ச்சி வடித்த தண்ணீர்தானே என்று நினைத்து, ஒரு சின்னத் தொட்டி முழுக்க அதையே நிரப்பி, மீனை விட்டேன். கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். இரண்டாம் நாள் மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கின, செட்டையை ஒடுக்கிக்கொண்டு நின்றன. மூன்றாம் நாள் காலையில் இரண்டு செத்துக் கிடந்தன. பிள்ளை தொலைபேசியில் கேட்டபோது என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றது இப்போதும் மனதில் கிடக்கிறது.

ஏன் செத்தன என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "சுத்தமான தண்ணீர்" என்ற சொல்லில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறோம். நன்னீர் மீனின் இரத்தத்தில் உப்பு கூட, சுற்றி இருக்கிற தண்ணீரில் குறைவு. அதனால் செவுளால், நாங்கள் பூ என்று சொல்கிறோமே அதனால், தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். மீன் அதை ஓயாமல் சிறுநீராக வெளியே தள்ளும். அதோடு கொஞ்ச உப்பும் போய்விடும். போன உப்பை அந்தப் பூவே வெளித் தண்ணீரில் இருந்து பொறுக்கி எடுத்து உள்ளே சேர்க்கும். வெளித் தண்ணீரில் பொறுக்க ஒன்றுமே இல்லை என்றால்? மீன் கரைந்து போகிறது என்றே சொல்லலாம். இன்னொன்று, வடித்த தண்ணீருக்குப் புளிப்பைத் தாங்கும் சக்தி இல்லை. கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து ஒரு மெத்தை மாதிரி, மீனின் கழிவால் வருகிற அமிலத்தை அது வாங்கிக்கொள்ளும். வடித்த தண்ணீரில் மெத்தை இல்லை. காற்றில் வைத்தாலே கரியமிலவாயுவைக் குடித்து அதன் பிஎச், அதாவது குறையக் குறையப் புளிப்புக் கூட என்று காட்டுகிற எண், 7 இல் இருந்து 5.6 பக்கம் இறங்கும். அதற்குள் மீனும் இரையும் கழிவும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். மீனின் அமோனியாவைத் தின்று தொட்டியைக் காப்பாற்றுகிற பக்டீரியாக்களுக்கும் அந்தச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், பிஎச் 6 க்குக் கீழே போனால் அவையும் சோர்ந்துவிடும்.

ஆகவே முதலில் சொல்லிவிடுகிறேன், வெறும் வடித்த தண்ணீருக்குள் மீனை விடாதேங்கோ. வடித்த தண்ணீர் என்பது கிணற்றுத் தண்ணீரை ஐதாக்குகிற சாமான். பாலுக்குத் தண்ணீர் கலக்கிற மாதிரி. எவ்வளவு கலப்பது என்பதுதான் முழு வித்தையும்.

சரி, வடிக்கிறது எப்படி. எனக்கு இதை முதலில் காட்டித் தந்தது என் மாமா. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலத்தில், அவரிடம் ஒரு பழைய கார் பற்றரி இருந்தது. அதற்கு விடுகிற தண்ணீரை வீட்டில்தான் எடுப்பார். கேத்தில் மூக்குக்கு நேரே ஒரு பெரிய போத்தலைச் சாய்த்துப் பிடித்து, போத்தலின் முதுகில் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு கோப்பை தண்ணீருக்காக ஒரு பின்னேரம் முழுக்க இருப்பார். கிணற்றுத் தண்ணியை நேரே விட்டால் பற்றரிக்குள் கல்லு வளரும் என்பார். பள்ளிக்கூடத்தில் ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்குகிற லீபிக் ஒடுக்கியைப் படித்தபோது, இது மாமாவின் ஈரச் சாக்குத்தானே என்று நினைத்தேன்.

நான் இப்போது செய்வது சட்டி முறை. ஒரு பெரிய எவர்சில்வர் சட்டி, 10 லீற்றர் கொள்ளும். அதற்குள் ஒரு இடியப்பத் தட்டுத் தாங்கியை வைத்து, அதன் மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணம். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது, தொட்டால் சேர்ந்த தண்ணீர் திரும்பவும் கொதித்துப் போய்விடும். சட்டியின் மூடியைக் கவிழ்த்துப் போட வேண்டும், பிடி உள்ளே தொங்கி நடுக் கிண்ணத்துக்கு நேரே நிற்கும்படி. நீராவி மூடியில் முட்டி, குளிர்ந்து, துளியாகி, சரிவில் வழுக்கிப் பிடியின் நுனிக்கு வந்து, கிண்ணத்துக்குள் விழும். கண்ணாடி மூடி என்றால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் மூடி முழுக்க மூச்சு விட்ட மாதிரி மங்கும், பிறகு கடுகு அளவில் துளிகள், பக்கத்துத் துளியோடு ஒட்டி உழுந்து அளவாகி, ஒன்று திடீரென்று ஓடும்போது வழியில் உள்ளதை எல்லாம் கூட்டிக்கொண்டு போகும். அந்தச் சத்தம், கிண்ணத்தில் டொக் டொக் என்று விழுவது, குசினியில் வேறு வேலை செய்துகொண்டே கேட்கலாம்.

கவிழ்ந்த மூடி குழியாக இருக்குமே, அதற்குள் குளிர்ந்த தண்ணீர் விட வேண்டும், சூடாகச் சூடாக மாற்ற வேண்டும். ஐஸ் போடு என்று எல்லோரும் சொல்வார்கள். போட்டுப் பார்த்தேன், கட்டாது. ஒரு லீற்றர் நீராவி தண்ணீராகும்போது விடுகிற சூடு, 4 கிலோ ஐஸை உருக்கிச் சுடுதண்ணீராகவும் ஆக்கிவிடும். அவ்வளவு ஐஸுக்குப் பிரிட்ஜ் எங்கே போகும்? கிணற்றுத் தண்ணீரே போதும், மாற்றி எடுத்த சுடுதண்ணீரில் அம்மா எண்ணெய்ச் சட்டி கழுவுவார், வீணில்லை.

நுணுக்கமான இரண்டு மூன்று விசயம் இருக்கிறது. மூடியை மூடுவதற்கு முன்னால் தண்ணீரை ஒரு 10 நிமிடம் திறந்தே கொதிக்க விடுங்கோ. குளோரின், அமோனியா மாதிரி ஆவியாகக்கூடிய சாமான்கள் நீராவியோடு சேர்ந்து வந்துவிடும், அவற்றை முதலே போகவிட வேண்டும். கிண்ணத்தில் சேர்கிற முதல் அரைக் கோப்பையையும் நான் கொட்டிவிடுவேன். சட்டியை ஒருபோதும் வற்றக் காய்ச்சக் கூடாது, கால்வாசி இருக்கும்போதே அடுப்பை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அடியில் உள்ள உப்பு தெறித்துக் கிண்ணத்துக்குள் விழும். மூடியை மாவால் ஒட்டுகிறது, கம்பியால் கட்டுகிறது எல்லாம் வேண்டாம், ஆவி அடைபட்டால் சட்டி வெடிக்கும். செப்புக் குழாய் வைத்துச் செய்கிறவர்களையும் கண்டிருக்கிறேன். வடித்த தண்ணீர் பசியோடு இருக்கிற தண்ணீர், தொட்டதை எல்லாம் கொஞ்சம் கரைத்துக் குடிக்கும். செப்பு மீனுக்கு நஞ்சு, நத்தைக்கும் இறாலுக்கும் அதைவிட நஞ்சு. எவர்சில்வரும் கண்ணாடியும்தான் நம்பிக்கை.

எல்லாம் முடிந்து சட்டியைக் கவிழ்த்தால் அடியில் வெண்கட்டித் தூள் மாதிரி ஒரு படை. தேசிக்காய்ப் பாதியைத் தேய்த்தால் சீறிக்கொண்டு கரையும். அந்தச் சீறலைப் பார்த்தால்தான் நாங்கள் தினம் என்ன குடிக்கிறோம் என்பது தெரியும். இதில் ஒரு இலேசான வழியும் ஒளிந்திருக்கிறது. வடிக்காமல், தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து எடுத்தாலே சுண்ணாம்பில் ஒரு பெரிய பங்கு அடியில் நின்றுவிடும். ஆனால் கறியுப்பும் நைத்திரேற்றும் அப்படியே இருக்கும், தண்ணீர் வற்ற வற்றச் செறிவும் ஏறும். வலிகாமத்தில் தோட்டக் காணிகளுக்கு நடுவில் இருக்கிற பல கிணறுகளில் பசளையால் வந்த நைத்திரேற்று குடிதண்ணீருக்கு உரிய அளவை, அதாவது லீற்றருக்கு 50 மில்லிகிராமை, தாண்டி இருக்கிறது. அப்படிக் கிணறு உள்ளவர்கள் ஒரு விசயம் யோசிக்க வேண்டும், தொட்டியில் நைத்திரேற்றுக் கூடினால் தண்ணீர் மாற்று என்று புத்தகம் சொல்லும், மாற்றுகிற தண்ணீரே அதைக் கொண்டுவந்தால் எங்கே குறையும்? அங்கே வடித்த தண்ணீரோ மழைத்தண்ணீரோ கலக்காமல் வழியில்லை.

இனிச் செலவு. அம்மா கேட்டார், "மீனுக்குக் குடிக்கத் தண்ணி காய்ச்சவோ காஸ் எரிக்கிறாய்?" நியாயமான கேள்வி, அதனால் இருந்து கணக்குப் பார்த்தேன். 30 பாகையில் உள்ள ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து முழுவதும் ஆவியாக்க ஏறக்குறைய 2,550 கிலோயூல் வேண்டும். மின்சாரத்தில் சொன்னால் 0.7 அலகு, அதுவும் ஒரு துளி சூடும் வீணாகாமல். காஸ் அடுப்பில் பாதிச் சூடு பக்கத்தால் போய்விடும், அப்படிப் பார்த்தால் லீற்றருக்கு 110 கிராம் காஸ். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றில் சுமார் 110 லீற்றர் தண்ணீர், அதற்கு மேல் இல்லை. மூடி இடுக்கால் தப்பிப் போகிற ஆவியையும் சேர்த்தால் 100 என்றே வையுங்கோ. என் தொட்டி 60 லீற்றர். முதல் முறை நிரப்பவே 45 லீற்றர் வடித்த தண்ணீர் வேண்டும் என்றால் அரைச் சிலிண்டர் போய்விட்டது. ஒரு லீற்றர் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும் என்பதையும் சேருங்கோ. விறகடுப்பு உள்ள வீட்டில் பனைமட்டையும் ஊமலும் பொச்சுமட்டையும் எரித்தால் காசு மிச்சம், ஆனால் புகை மூடிக்குள் போகாமல் பார்க்க வேண்டும்.

இதனால்தான் வெயிலுக்குப் போனேன். எங்களுக்குக் காஸ் இல்லாமல் போகலாம், வெயில் இல்லாமல் போகாது. கழற்றின பழைய யன்னல் கண்ணாடி ஒன்று, 3 அடிக்கு 2 அடி. அதற்கு அளவாக ஒரு ஆழமில்லாத தட்டு, அடியில் கறுப்பு மாபிள் துண்டுகள். கறுப்புப் பெயின்ற் பூசினால் சூட்டில் மணக்கும், அந்த மணம் தண்ணீருக்குள் வரும், அதனால் கல்தான் நல்லது. கண்ணாடியைத் தெற்குப் பார்த்துச் சரிவாகப் போட்டு, கீழ் விளிம்பில் ஒரு சின்னப் பீலி, பீலியில் இருந்து போத்தலுக்கு ஒரு ரியூப். எங்கள் ஊரின் அகலக்கோடு 10 பாகைக்குக் கிட்ட, வெயிலுக்காக என்றால் அவ்வளவு சரிவு போதும், ஆனால் துளி கண்ணாடியில் ஒட்டியபடி கீழே ஓட இன்னும் கொஞ்சம் வேண்டும், நான் 20 பாகை வைத்திருக்கிறேன். சரிவு குறைந்தால் துளி பாதி வழியில் சொட்டித் திரும்பவும் தட்டுக்குள் விழும். விளிம்பு ஒட்ட மீன் தொட்டி ஒட்டுகிற சிலிக்கனையே பாவித்தேன், குளியலறைக்கு விற்கிறதில் பூஞ்சண மருந்து கலந்திருக்கும். நல்ல வெயில் நாளில் ஒரு லீற்றர், சில நாள் ஒன்றரை. சோளகம் வீசுகிற மாதங்களில் கண்ணாடியில் புழுதி படிந்தால் குறையும், காலையில் ஒரு துடைப்புத் துடைத்தால் சரி. கிழமைக்கு 9 லீற்றர் எனக்குத் தேவை, கோடை முழுக்க அந்தக் கண்ணாடியே தருகிறது. அடுப்புச் சட்டி இப்போது அவசரத்துக்கு மட்டும்தான்.

ஆனால் உண்மையைச் சொன்னால் எல்லாவற்றையும் விடப் பெரிய வடிசாலை மேலே இருக்கிறது. மழை. சூரியன் கடலைக் காய்ச்சி, மேகத்தில் குளிரவைத்து, கூரை வரைக்கும் கொண்டுவந்து தருகிறது, நாங்கள் பீலியைப் போட்டுப் பிடித்தால் போதும். 20 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1,000 லீற்றர். கார்த்திகையில் அப்படி ஒரு மழை ஒரே இரவில் பெய்யும். தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்புகள் கரைந்திருக்கிறது என்று காட்டுகிற என் டிடிஎஸ் மீற்றரில் கிணற்றுத் தண்ணீர் 640 காட்டும், சட்டியில் வடித்தது 4, ஓட்டில் இருந்து பிடித்த மழை 15, 20. மீனுக்கு அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. ஐப்பசியின் முதல் மழைகளைப் பிடிக்கக் கூடாது, கோடை முழுக்கச் சேர்ந்த புழுதியும் காகத்தின் எச்சமும் அதில் வரும். இரண்டு மூன்று நல்ல மழை கூரையைக் கழுவின பிறகு, அதுவும் மழை தொடங்கி ஒரு கால் மணித்தியாலம் விட்டுப் பிடியுங்கோ. தகரக் கூரைத் தண்ணீரில் நாகம், அதாவது துத்தநாகம், கரைந்து வரும், அதை மீனுக்கு எடுக்காதேங்கோ. சீமெந்துத் தொட்டி புதிது என்றால் சுண்ணாம்பைத் திரும்பக் கொடுத்துவிடும், மென்மையான தண்ணீரைச் சேமிக்கப் பிளாஸ்ரிக் தாங்கிதான் சரி. வெளிச்சம் படாமல், நுளம்பு புகாமல், வாயில் வலை கட்டி மூட வேண்டும். ஊரில் டெங்கு எவ்வளவு பாடு படுத்துகிறது என்று தெரியும்தானே.

கலக்கிற கணக்கு இலேசு. எங்கள் கிணற்றின் கடினம் 22 பாகை, சோதனைத் துளி போட்டுப் பார்த்தது. ஒரு பாகை என்றால் லீற்றருக்குச் சுமார் 18 மில்லிகிராம் சுண்ணாம்பு, அப்படிப் பார்த்தால் 400 மில்லிகிராமுக்குக் கிட்ட. ஒரு பங்கு கிணறு, மூன்று பங்கு வடித்தது என்று கலந்தால் எல்லாம் நாலில் ஒன்றாகும்: கடினம் ஐந்தரை, டிடிஎஸ் 160. வெற்றிலை சப்பிக்கு அது நல்ல தண்ணீர். மீனுக்கு வேண்டிய கல்சியம், மக்னீசியம், அந்த மெத்தை எல்லாம் அந்த ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீரே தந்துவிடும், கடையில் உப்புப் பொடி வாங்க வேண்டாம். தீவுப்பக்கம் வேலணை, ஊர்காவற்றுறையில் உவர்க்கிணறு உள்ளவர்கள் டிடிஎஸ்ஸை மட்டும் நம்பக்கூடாது, அங்கே அந்த எண்ணில் பாதி கறியுப்பாக இருக்கலாம். கிணற்றை ஆழமாக்கினால் தீரும் என்றும் நினைக்க வேண்டாம். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். குடாநாட்டின் நிலத்தடித் தண்ணீர் பல இடத்தில் அப்படித்தான், உப்பின் மேல் ஒரு ஏடு மாதிரி நன்னீர் மிதக்கிறது. மோட்டரை வைத்து மிதமிஞ்சி இழுத்தால் அடியில் உள்ளது மேலே வரும்.

கலந்த தண்ணீரை அன்றே ஊற்றக்கூடாது. இதில் பலர் அவசரப்படுகிறார்கள். புதிதாக அள்ளின கிணற்றுத் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, கரியமிலவாயு கூட. அள்ளினவுடன் பிஎச் பார்த்தேன், 7.2. காற்றைக் குமிழியாக விடுகிற காற்றுக் கல்லைப் போட்டு ஒரு இரவு வைத்த பிறகு அதே வாளியில் 8 ஐத் தொட்டது. யோசித்துப் பாருங்கோ, அந்த ஏற்றம் வாளிக்குள் நடக்காவிட்டால் தொட்டிக்குள் மீனோடு நடந்திருக்கும். வடித்த தண்ணீரும் கொதித்து வந்ததால் காற்றுக் குறைந்த தண்ணீர். அதனால் இரண்டையும் ஒரு பிளாஸ்ரிக் வாளியில், அதற்கென்றே ஒதுக்கின வாளியில், கலந்து, காற்றுக் கல் போட்டு, ஒரு இரவு. சவர்க்காரம் பட்ட வாளி வேண்டவே வேண்டாம். காலையில் தொட்டித் தண்ணீரின் சூடும் வாளியின் சூடும் ஒன்றா என்று கையால் பார்த்து, ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுவேன், ஒவ்வொரு சனிக்கிழமையும். சுண்ணாம்புத் தண்ணீரில் பழகின மீனை மென்மைக்குக் கொண்டுவருவது என்றால் இரண்டு மூன்று கிழமை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக. வெறும் வடித்த தண்ணீரில் மிஞ்சின நான்கு மீனையும் நான் மீட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். தொட்டியில் கிணற்றுத் தண்ணீரை மெல்லிய ரியூப்பால் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு பின்னேரம் முழுக்கப் பக்கத்தில் இருந்து. இருட்டுகிற நேரம் ஒன்று செட்டையை விரித்தது. அழுகை வந்தது.

குளோரின் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மாரியில் வெள்ளம் வடிந்த பிறகு ஊரில் கிணறுகளுக்குக் குளோரின் போட்டுக்கொண்டு வந்தார்கள். நல்ல வேலை, போடத்தான் வேண்டும். நான் வீட்டில் இல்லை, வந்து வழக்கம் போல அள்ளி ஊற்றினேன், விடிய மொலிகள் அத்தனையும் மிதந்தன, பூ எல்லாம் வெளுத்து. அன்று தொடக்கம் வாளியில் மூக்கை வைத்துப் பார்க்காமல் ஒரு கோப்பையும் ஊற்றுவதில்லை. 2024 ஓகஸ்ட்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள், நாளுக்கு 24,000 கன மீற்றர் தரக்கூடியது. குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வருகிறவர்கள் இனிக் கூடக் கூட இதைப் பழக வேண்டும். கிணற்றில் எப்போதாவது ஒருநாள் வருகிற குளோரின், குழாயில் தினமும் இருக்கும். ஒரு நாள் திறந்த வாளியில் காற்றுக் கல்லோடு வைத்தால் குளோரின் போய்விடும், அவசரம் என்றால் குளோரினை முறிக்க மீன் கடையில் விற்கிற ஹைப்போத் துளி போதும்.

பற்றரித் தண்ணி வாங்கி விடலாமா என்று கேட்கிறார்கள். விடலாம், ஆனால் போத்தலை இரண்டு முறை வாசியுங்கோ. பற்றரி அசிட்டும் அதே மாதிரிப் போத்தலில், அதே தட்டில் இருக்கும். ஏசியில் இருந்து சொட்டுகிற தண்ணீரும் வடித்த தண்ணீர்தானே என்று ஒரு தம்பி கேட்டார். வடித்ததுதான், ஆனால் செப்புக் குழாயிலும் அலுமினியத் தகட்டிலும் பூஞ்சணத்திலும் வழிந்து வந்தது. செடிக்கு ஊற்றுங்கோ. கடையில் விற்கிற குடிதண்ணீர்ப் போத்தல் வேறு சாமான், அதில் உப்புகள் உண்டு. நாட்டுவாதுமை இலையைப் போட்டால் தண்ணீர் மென்மையாகும் என்பதும் பாதி உண்மைதான். கிணற்றுத் தண்ணீரில் போட்டால் தேத்தண்ணி நிறம் வரும், பிஎச் அசையாது, மெத்தை அவ்வளவு தடிப்பு. கலந்து ஐதாக்கின தண்ணீரில் போட்டால்தான் அதன் புளிப்பு வேலை செய்யும்.

இவ்வளவும் எல்லோருக்கும் தேவையா என்றால், இல்லை. கப்பி, மொலி வளர்க்கிறவர்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு இரவு காற்றுப் பிடிக்க வைத்து ஊற்றுங்கோ, அதற்கு மேல் ஒன்றும் செய்யாதேங்கோ. புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகளுக்கும் நான் அதைத்தான் சொல்கிறேன், முதலில் உன்ர கிணத்துக்கு ஏற்ற மீனைத் தேடு என்று. ஈரவலயத்து மீன், டெற்றா, டிஸ்கஸ் மாதிரி மென்மையான தண்ணீரில் பிறந்ததை வைக்க ஆசைப்பட்டால் மட்டும் இந்தப் பாடு.

எனக்கு அந்த ஆசை இருந்தது. போன மார்கழியில் மழைத்தண்ணீரும் ஒரு கோப்பை கிணற்றுத் தண்ணீரும் கலந்து, டிடிஎஸ் 70 இல், 9 லீற்றர்த் தொட்டி ஒன்று தனியாக வைத்தேன். அடியில் பாசி, ஒரு வாதுமை இலை. பின்னேரம் ஒரு சோடியை விட்டேன். விடிய ஆறரைக்குத் திரையை விலக்கினால் ஆண் மீனின் பின்பாதி கரி மாதிரிக் கறுத்து, தலை நல்ல கொழுந்து வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் போட்டுச் சப்பின வாய் மாதிரி இருந்தது. தொலைபேசியில் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மாமா, உண்மையாவே வெத்திலை போட்டிருக்கு!" முட்டை போட்ட கையோடு இரண்டையும் வெளியே எடுத்தேன், விட்டால் தின்றுவிடும். ஒரு நாள் கழித்துக் கண்ணாடியில் கண்ணிமை மயிர் அளவில் குஞ்சுகள் கோடு கோடாக ஒட்டி நின்றன. எண்ணியவரை பத்தொன்பது. இப்போது பதினான்கு வளர்ந்திருக்கிறது, பட்டி விழுந்துவிட்டது. ஆறு மீன் அவளுக்கு, அடுத்த விடுமுறைக்கு வரும்போது பையில் கட்டிக் கொடுக்க வேண்டும், கொழும்புத் தண்ணீரின் கடினம் என்ன என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.